அவாஸ் திங்னி வழக்கு

நிகராகுவாவின் கரீபியன் கரையோரக் காடுகளில் வாழும் மயாங்னா பழங்குடியினரின் சமூகங்களுள் ஒன்று அவாஸ் திங்னி. இச்சமூகம் தன் நாட்டு அரசுக்கு எதிராக நடத்தி வென்ற வழக்கில்தான், பழங்குடிகளின் கூட்டு நிலவுரிமையும் மனித உரிமையே என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதன்முதலாகத் தீர்ப்பளித்தது.

1996இல் நிகராகுவா அரசு, சோல்கார்சா என்ற நிறுவனத்துக்கு ஏறத்தாழ 62,000 ஹெக்டேர் காட்டில் 30 ஆண்டுகள் மரம் வெட்ட உரிமம் கொடுத்தது. அங்கே தலைமுறைகளாக வேட்டையாடி, மீன்பிடித்து, பயிரிட்டு வந்தவர்களின் சம்மதத்தைப் பெறவில்லை. பழங்குடிகளின் பொதுநிலத்தை 1987ஆம் ஆண்டு அரசியல் சாசனம் ஏற்றிருந்தும், அவர்கள் கையில் பட்டா இல்லை. வட்டார மன்றத்தின் ஒப்புதல் பெறவில்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமத்தைச் செல்லாதென அறிவித்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கோ விடை கிடைக்கவில்லை. வழக்கு 1998இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது.

1969ஆம் ஆண்டின் அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கை பழங்குடிகளின் நிலத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தம் சொத்தை அனுபவிக்கும் உரிமை உண்டு என்று மட்டும் அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. ஊர்ப் பொதுவாக ஆண்டுவரும் நிலமும் அந்தப் பிரிவில் அடங்கும் என்று 2001 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வழிவழியாக அனுபவித்து வருவதே பட்டா கோரப் போதுமான ஆதாரம் என்றும் கூறினர். 15 மாதங்களுக்குள் எல்லை அளந்து பட்டா வழங்கவும், சமூகத்தின் நன்மைக்கான பணிகளில் 50,000 டாலர் முதலிடவும் அரசுக்கு உத்தரவிட்டனர்.

அந்த 15 மாதம் ஏழு ஆண்டுகளாக நீண்டது. 2003இல் பொதுநிலங்களுக்கான 445ஆம் எண் சட்டம் வந்தது. ஏறத்தாழ 73,000 ஹெக்டேருக்கான பட்டா 2008 டிசம்பரில்தான் கிடைத்தது.

இதற்குள் தீர்ப்பு எல்லை கடந்திருந்தது. 2007இல் சுரிநாமின் சரமாக்கா மக்கள் இதே 21ஆம் பிரிவைக் கொண்டு வென்றனர். கென்யாவில் போகோரியா ஏரிக்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட எண்டோராய்ஸ் மக்களுக்குச் சாதகமாகப் பின்னர் முடிவெடுத்த ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையமும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டியது. 2007 செப்டம்பர் 13 அன்று 144 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், நிலவுரிமையைத் தன் 46 உறுப்புகளில் தெளிவாக இடம்பெறச் செய்தது.

ஆனால், பட்டா கிடைத்த பிறகும் வெளியார் மயாங்னா நிலங்களை ஆக்கிரமிப்பது தொடர்கிறது. 445ஆம் எண் சட்டம் விதிக்கும் கடைசிக் கட்டம், அந்நியர் வசமுள்ள நிலத்தின் சிக்கலைத் தீர்த்து ஒப்படைப்பது. அதைச் செய்து முடிக்கும் கடமை இன்னும் நிகராகுவா அரசின் மீதே இருக்கிறது.