தீவகத்துப் பனையும் வெல்லமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவகத்தில் ஆறு இல்லை, மலை இல்லை. ஊர்காவற்றுறை தொட்டு நெடுந்தீவு வரையில் கல்லும் மணலும் கலந்த நிலமே காணப்படும். மாரி மழை ஒன்றே அந்நிலத்தை நனைப்பது. நீரை மிகுதியாக வேண்டி நிற்கும் கரும்புக்கு அங்கே இடமில்லை. எனினும் அத்தீவுகளின் மக்கள் இனிப்பை அறியாது வாழ்ந்தாரல்லர். வாய்க்காலும் வரம்பும் வேண்டாத பனை அவர்களுக்கு வெல்லம் அளித்தது.

பனையின் பெருமையை அயலாரும் அறிந்திருந்தனர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவர்கள் பெரிதும் விரும்பியது வைரமேறிய பனைமரத்தையே. பின்னர் பிரித்தானியர் காலத்தில், 1850இல், வில்லியம் பேர்குசன் என்பார் பனையைப் பற்றித் தனி நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையின் 801 பயன்களைக் கூறுவதாகச் சொல்லப்படும் ‘தால விலாசம்’ என்னும் தமிழ்ச் செய்யுளும் உண்டு.

அப்பயன்களுள் தலையாயது பாளையிலிருந்து ஊறும் சாறு. சீவப்பட்ட பாளையில் முட்டியைக் கட்டிவிட்டால் சாறு துளித்துளியாக அதனுள் இறங்கும். அதனை அவ்வாறே விட்டால், காற்றிலுள்ள மதுவம் அதிலுள்ள வெல்லத்தை மதுசாரமாக மாற்றும், அதுவே கள். கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். முட்டியின் உட்புறத்தில் முன்னரே சுண்ணாம்பு தடவியிருந்தாலோ, புளிப்பு ஏறாது; சாறு கருப்பநீராக இனிக்கும். ஒரே மரம், ஒரே பாளை. வெல்லமா மதுவா என்பதைச் சிறிதளவு சுண்ணாம்பே தீர்மானித்தது.

கருப்பநீரைத் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. ஏறத்தாழ 8 லீற்றர் சாறு வற்றினால் ஒரு கிலோ பனங்கட்டி கிடைக்கும். பாகு பதமானதும் பனையோலையால் இழைத்த குட்டான்களில் வார்ப்பர். அடுப்புக்குக் காவோலை, மட்டை, ஊமல் ஆகியவற்றைப் பனையே தந்தது. சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் கடல் தந்தது. வெளியூரிலிருந்து வரவேண்டிய பொருள் மிகச் சிலவே. இயற்கை வளத்தை அழிக்காத உற்பத்தி என்று இன்று உலகம் நாடுவது இதனையன்றோ!

ஆயினும் ஆட்சியாளரின் நாட்டம் வெல்லத்தின்பாற் செல்லவில்லை. வெல்லத்தால் வரி இல்லை. மதுவால் வரி உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் கள்ளுத் தவறணைகள் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டன. இலாபம் குத்தகைகாரரையும் அரசையும் சேர்ந்தது. உயிரைப் பணயம் வைத்து மரமேறிய தொழிலாளிக்கோ கூலியும் குறைவு. சமூகத்தில் மதிப்பும் குறைவு. 1970களின் முற்பகுதியில் சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின்னரே அவர் நிலை ஓரளவு உயர்ந்தது.

அதே காலத்தில், 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் சீனி அரிதாயிற்று. அப்பொழுது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தும் பழைய வழக்கமே பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. ஆனால் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வடக்கின் பனைகள் பெருந்தொகையாகக் காவலரண்களுக்கென வெட்டப்பட்டன. 1990இல் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பலர் ஊரைவிட்டு அகன்றனர். அவர்களோடு தொழிலும் அகன்றது.

எண்ணெய் விலை 1973இல் ஏறியதன் பின்னர், பிரேசில் நாடு 1975இல் கரும்பின் மதுசாரத்தை ஊர்திகளுக்கு எரிபொருளாக்கும் பெருந்திட்டத்தை வகுத்தது. இலங்கையிலும் 1960ஆம் ஆண்டளவில் கந்தளாயிலும் ஹிங்குராணையிலும் கரும்பாலைகள் எழுந்தன. கரும்பைப் பரந்த வயலில் வெட்டி ஆலையில் இட்டுவிடலாம். பனையோ ஒவ்வொரு மரமாக, காலையும் மாலையும், ஒரு மனிதன் ஏறி இறங்க வேண்டியது. அவ்வாறு சேரும் சாற்றை ஊர்தியில் எரித்தல் உழைப்புக்கு ஏற்ற பயனாகாது. அது உணவாக, பனங்கட்டியாக, கற்கண்டாக நல்ல விலைக்கு விற்கப்படுவதே தக்கது.

பனை நீர் கேட்பதில்லை, உரம் கேட்பதில்லை. பல தலைமுறை நின்று பயன் தருகிறது. ஆனால் ஏறுவோன் இல்லாத பனை வெல்லம் தராது. தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏற மறுப்பானாயின், அது மகனின் குற்றமன்று. அத்தொழிலுக்கு உரிய கூலியையும் மதிப்பையும் அளிக்காத சமூகத்தின் குற்றமே. புதிய பனை பாளை தர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். தொழிலாளிக்கு மதிப்பளிக்க அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை.