இங்கிலாந்தின் இடைக்கால மோதிரங்களும் அவற்றின் படிகளும்

உலோகங்காட்டும் கருவிகள் 1970களில் இங்கிலாந்துப் பொதுமக்களிடையே பரவிய பின்னர், உழவு நிலங்களில் புதைந்துகிடந்த இடைக்கால மோதிரங்கள் பல வெளிப்பட்டன. அவற்றைப் பார்த்துச் செய்யப்பெறும் படிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் நகைக்கடைகளிலும் விற்பனையாகின்றன. இப்படிகளின் வேலைப்பாட்டை மட்டும் நோக்குதல் போதாது. ஒவ்வொரு படியோடும் மூலப்பொருளைப் பற்றிய ஒரு வரலாற்றுக் கூற்றும் சேர்ந்தே விலைபோகின்றது. அக்கூற்றைச் சான்று தாங்குமா என்பதே கேள்வி.

வட யார்க்‌ஷயரில் மிடில்ஹாம் கோட்டைக்கு அருகே 1985-இல் இக்கருவி கொண்டு தேடியோர், நீலக்கல் பதித்த 15-ஆம் நூற்றாண்டுப் பொற்பதக்கம் ஒன்றைக் கண்டெடுத்தனர். மீட்டெடுக்கும் எண்ணத்துடன் மறைத்துவைத்த பொன்னும் வெள்ளியுமே புதையல், தவறி விழுந்தது புதையலாகாது என்பது அந்நாளைய சட்டம். ஆகவே பதக்கம் 1986-இல் ஏலத்துக்குச் சென்றது. பின்னர் யார்க்‌ஷயர் அருங்காட்சியகம் 25 இலட்சம் பவுண்டு கொடுத்து அதனைப் பெற நேர்ந்தது. 1996-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் இந்நிலையை மாற்றியது. 300 ஆண்டுப் பழமையும் பத்தில் ஒரு பங்கேனும் பொன் அல்லது வெள்ளியும் உடைய அணிகலன் தனியே கிடைப்பினும் 14 நாட்களுக்குள் அறிவித்தல் கடமையாயிற்று. படி செய்வோர்க்கு இன்று உதவும் அளவுகளும் ஒளிப்படங்களும் பெரிதும் இவ்வாறு எழுந்த பதிவுகளே.

மிடில்ஹாமிலேயே பின்னர்ப் பொன்மோதிரம் ஒன்றும் கிடைத்தது. அதன் வெளிப்புறத்தில் ‘எஸ்’ என்னும் எழுத்துப் பன்னிரு முறை வெட்டப்பட்டுள்ளது. உட்புறத்தில் ‘தலைமையுற’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் உள்ளது. கோட்டை மூன்றாம் ரிச்சர்டுக்கு உரியதாயிருந்தமையால் இங்குக் கிடைத்த அணிகலன்களை அவன் பெயரோடு இணைத்துப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. ஆயின் ‘எஸ்’ எழுத்துக் கோவை லங்காஸ்டர் அரச மரபினரின் அடையாளம். ரிச்சர்டோ அவர்களை எதிர்த்த யார்க் மரபினன். அணிந்தவர் பெயரைப் பதக்கமும் கூறவில்லை, மோதிரமும் கூறவில்லை. அருகில் கிடைத்தமை ஒன்றே உரிமைச் சான்றாகாது. அரசன் பெயர் விற்பனைக்கு உதவுகிறது என்பது வேறு செய்தி.

எழுத்துகளின் நிலையும் கருதத்தக்கது. இடைக்காலத்தினர் காதல் மொழிகளை, பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில், மோதிரத்தில் பொறித்தனர். அவை உட்புறத்தில் அமையுங்கால் விரலை ஒட்டியே கிடக்கும். பிறர் கண்ணுக்குப் புலப்படா. மூலம் ஒரு விரலின் அளவில் வளைக்கப்பட்டது. படியோ பல அளவுகளில் செய்யப்படுவது. வளையம் விரிந்தால் சொற்களின் இடைவெளியும் மாறும். வெட்டி ஒட்டினால் எழுத்தே சிதையும். மிடில்ஹாம் பதக்கத்திலும் கோவென்ட்ரியில் கிடைத்த மோதிரத்திலும் காணும் ‘அனனிசாப்தா’ என்பது காக்கைவலிப்புக்கு எதிரான மந்திரச் சொல்லாகக் கருதப்பட்டது. ஓர் எழுத்தும் பிறழாமை இத்தகைய சொல்லுக்கு இன்றியமையாதது. படியை வாங்குவோர்க்கு அது வெறும் அழகெழுத்து.

மூலத்திலிருந்து நேரே அச்செடுத்து வார்த்தால் பொன் குளிரும்போது சுருங்குகிறது. படி சற்றே சிறுக்கும். உளியால் வெட்டிய எழுத்தின் விளிம்பும் மழுங்கும். பிரித்தானியாவில் 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிப் பொருளுக்குத் தர முத்திரை கட்டாயமன்று. முத்திரையற்ற அத்தகைய படி வயலில் தொலைந்து மீண்டும் ஒரு கருவியில் அகப்படுமாயின், அதனைப் பிரித்தறிய உதவுவன அம்மழுங்கிய விளிம்பும் குறைந்த அளவுமே.