ஒரு திருத்தம் இரு சபைகளைக் கூட்டிய வரலாறு

1961-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாளும் 9-ஆம் நாளும் தில்லிப் பார்லிமெண்டு மாளிகையின் மைய மண்டபத்தில் லோக் சபை அங்கத்தினர்களும் ராஜ்ய சபை அங்கத்தினர்களும் ஒருங்கே அமர்ந்தனர். சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் தலைமை வகித்தார். நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஒரு மசோதாவுக்காக நிகழ்ந்த முதல் கூட்டுக் கூட்டம் அதுதான். அவ்வளவு பெரிய ஏற்பாட்டை வேண்டி நின்றது எல்லைத் தகராறும் அன்று, வரவு செலவுத் திட்டமும் அன்று. பெண்ணைப் பெற்றவர்களின் வீட்டுக் கவலை. வரதட்சிணைத் தடை மசோதாவே அது.

ஒரு சபையில் நிறைவேறிய மசோதா மற்றொரு சபைக்குச் செல்லும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது திரும்பி வரும் வழிதான் நமக்கு அவ்வளவாகத் தெரியாதது. லோக் சபை அனுப்பிய மசோதாவை ராஜ்ய சபை திருத்தி நிறைவேற்றினால், அத்திருத்தங்கள் ஒரு செய்தியுடன் லோக் சபைக்கு வந்து மேஜைமீது வைக்கப்படுகின்றன. பொறுப்புள்ள அமைச்சர் அவற்றை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளும்படி பிரேரேபிக்கிறார். அப்போது லோக் சபை முழு மசோதாவையும் மறுபடி புரட்டிப் பார்ப்பதில்லை. இரு சபைகளும் ஒப்புக்கொண்ட பகுதி முடிந்த காரியம். வந்த திருத்தங்களும் அவற்றோடு நேரடித் தொடர்புடையவையுமே விவாதத்திற்கு உரியவை. சபை ஒரு திருத்தத்தை ஏற்கலாம், மறுக்கலாம், அதற்குப் பதிலாக வேறொன்றைக் கூறலாம். மறுத்தால் செய்தி மீண்டும் ராஜ்ய சபைக்குச் செல்கிறது. ராஜ்ய சபை விட்டுக்கொடுத்தால் பிணக்குத் தீர்ந்தது. தன் திருத்தத்தையே வற்புறுத்தினால் அரசியல் சட்டத்தின் 108-ஆவது பிரிவின்படி ஜனாதிபதி இரு சபைகளையும் கூட்டிவைக்கலாம்.

1959-இல் லோக் சபைக்கு வந்த வரதட்சிணை மசோதா இவ்வழியிலே முழுத் தூரமும் நடந்தது. எது வரதட்சிணை என்பதிலேதான் பெரும் பிணக்கு. கொடுப்பது "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்கள் வேண்டுமா? மணமக்களுக்கு அளிக்கும் நகையும் துணியும் ரொக்கமும் வரதட்சிணை ஆகா என்று தெளிவுபடுத்தும் விளக்கம் வேண்டுமா? சொல்லளவில் சிறிய வினாக்கள்தாம். ஆனால் சீர் என்றும் அன்பளிப்பு என்றும் எத்தனை பெயரில் பணம் கைமாறும் என்பதை அறிந்த எவரும் இவற்றைச் சிறியவை எனச் சொல்லார்.

கூட்டுக் கூட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு. சபைகள் மாறுபட்ட விஷயங்களுக்குப் பொருந்திய திருத்தங்களும், காலதாமதத்தால் அவசியமானவையுமே அங்கே எடுத்துக்கொள்ளப்படும். வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையே முடிவு செய்யும். லோக் சபை அங்கத்தினர் தொகை ராஜ்ய சபையினும் ஏறக்குறைய இருமடங்கு ஆதலின், தராசு எப்பக்கம் சாயக்கூடும் என்பது வெளிப்படை. சட்டம் மட்டும் வேரூன்றிய சமூகக் கேட்டைத் தீர்த்துவிடாது, ஆயினும் பொதுமக்கள் கருத்துக்கு உருவம் கொடுக்க அது இன்றியமையாதது என்ற கருத்தைப் பிரதமர் நேரு அங்கே கூறினார்.

முடிவில் பிறந்த சட்டத்தில் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்களும் இடம்பெற்றன. பரிசுகளை விலக்கும் விளக்கமும் இடம்பெற்றது, ஆனால் மணத்திற்கு ஈடாகக் கொடுத்தவை அவ்விலக்கில் அடங்கா என்ற நிபந்தனையோடு. 1961 ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிபந்தனை இருந்தும் அவ்விளக்கம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது என்பது எமது எண்ணம். பார்லிமெண்டும் அப்படியே கருதியது போலும். 1984-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்விளக்கத்தை அடியோடு நீக்கியது.

பின்னர் 1978-இலும் 2002-இலும் கூட்டுக் கூட்டங்கள் நடைபெற்றன. பேங்குப் பணித் தேர்வுக் குழுவை நீக்கும் மசோதாவும் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவும் அவற்றுக்குக் காரணம். அவ்விரண்டையும் ராஜ்ய சபை முற்றாகவே நிராகரித்திருந்தது. திருத்தத்தின் பேரில் எழுந்த பிணக்கு கூட்டுக் கூட்டம் வரை சென்றது 1961-இல்தான்.

பண மசோதாவானால் ராஜ்ய சபைக்குப் பதினான்கு நாளும், சிபாரிசு செய்யும் உரிமையும் மட்டுமே. மாநிலங்களில் நிலைமை வேறு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் வாழும் நம்மவர் அங்கே இன்றும் மேலவையைக் காண்கிறார்கள்; தமிழ்நாட்டிலோ அது 1986-இல் நீக்கப்பட்டது. மாநிலத்தில் கூட்டுக் கூட்டம் என்பதே இல்லை. மேலவையின் திருத்தத்தைச் சட்டசபை ஏற்காமல் மசோதாவை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினால், மேலவை அதை ஒரு மாதத்திற்குமேல் தடுக்க இயலாது.

ஆனால் அரசியல் சட்டத்தையே திருத்தும் மசோதாவில் லோக் சபைக்கு எண்ணிக்கைப் பலம் உதவாது. அங்கே கூட்டுக் கூட்டத்திற்கு இடமில்லை. இரு சபைகளும் தனித்தனியே இசைய வேண்டும். நெருக்கடி நிலைக்குப்பின் ஜனதா அரசாங்கம் 1978-இல் கொண்டுவந்த 45-ஆவது திருத்த மசோதா இதற்குச் சான்று. அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சங்களை மாற்ற வேண்டுமானால் பொதுமக்களின் நேரடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. ஜனதாவுக்குப் பெரும்பான்மை இல்லாத ராஜ்ய சபை, ஆகஸ்டு இறுதியில் அவ்விதியையும் வேறு சிலவற்றையும் நீக்கியே மசோதாவை நிறைவேற்றியது. வற்புறுத்தினால் நெருக்கடி நிலைப் பிரகடனத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அளித்த காவலும் மசோதாவோடு சேர்ந்து வீழும். லோக் சபை டிசம்பரில் ராஜ்ய சபையின் திருத்தங்களை ஏற்றுக்கொண்டது. 1979 ஏப்ரல் 30-ஆம் நாள் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்று 44-ஆவது திருத்தச் சட்டமாக அது வெளிவந்தபோது, பொதுமக்கள் வாக்கெடுப்பு அதில் இல்லை.