செவிலியரும் சிறப்புச் சான்றும்

பொதுச் செவிலியர் பயிற்சியை முடித்துப் பதிவும் பெற்றுவிட்ட ஒரு பெண், மேலும் ஓராண்டோ இரண்டாண்டோ செலவிட்டு, இருதய நோய், சிசு பராமரிப்பு, சிறுநீரக நோய், மனநோய் போன்ற ஏதேனும் ஒரு துறையில் தனிச்சான்று பெற முயல வேண்டுமா? டில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. மகளுக்கோ மருமகளுக்கோ விடை சொல்ல வேண்டிய பெரியவர்கள், இது நம் காலத்தில் முளைத்த புதுப் பிரச்னை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. பழைய சென்னை ராஜதானியில் இதற்கு நூற்றெழுபது ஆண்டு வரலாறு உண்டு. பாலக்காட்டுக் கணவாயையும் மூணாற்று மலைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு அவ்வரலாற்றைப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகும்.

அந்நிலப்பகுதியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 1949-க்கு முன் அவ்வெல்லையோரம் மூன்று ஆட்சிகளின் கீழ்க் கிடந்தது. பாலக்காடும் அட்டப்பாடியும் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே சென்னை ராஜதானிக்கு உட்பட்டவை. அடுத்தாற்போலுள்ள சித்தூர் கொச்சி சமஸ்தானத்தினுடையது. தெற்கே தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. 1949 ஜூலை 1-இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன; 1956 நவம்பர் 1-இல் மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது. இடுக்கி ஜில்லா தோன்றியது 1972-இல்தான். குடிமக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் காயம் கட்டியவருடைய சான்றிதழ் எந்த ஊர்வரை செல்லும் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1926-இல் சென்னையில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியபோது அது பாலக்காட்டில் சட்டம். சில மைல் தள்ளியிருந்த சித்தூரில் அந்நிய நாட்டுச் சட்டம். திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபை தனக்கென ஒரு சட்டத்தை 1953-இல் இயற்றிற்று.

தனித்துறைச் சான்று என்பது பொதுச்சான்றுக்குப் பின்னால் வருவது என்றே எல்லோரும் நினைக்கிறோம். நம் நாட்டில் நடந்ததோ நேர்மாறு. எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கப்பெற்றது. மருத்துவச்சிகளைப் பயிற்றும் பள்ளிக்கு 1854-இல் அரசு இசைவு தந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தது 1871-இல். அதாவது, பேறுகாலம் என்ற ஒரே துறையில் தேர்ந்தவள் முதலில் வந்தாள். எல்லா நோயாளரையும் கவனிக்கும் பொதுச் செவிலி பதினேழு ஆண்டு கழித்து வந்தாள். ஆண் வைத்தியர் தொடுவதற்குக் குடும்பங்கள் உடன்படாத காலம் அது. பிள்ளைப்பேற்றில் தாயும் சேயும் மடிவது நித்திய நிகழ்ச்சி. தேவை எங்கே கூக்குரலிட்டதோ அங்கே சான்று முதலில் பிறந்தது. 1885-இல் டப்ரின் சீமாட்டியார் பெயரால் நிதி திரட்டப்பட்டதும், 1903-இல் விக்டோரியா நினைவு நிதியிலிருந்து கிராம மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரப்பட்டதும் இதே நோக்கத்தால்தான்.

பிற்காலத்தில் அந்த முதல் தனித்துறையே பொதுப் பயிற்சிக்குள் கரைந்து போயிற்று. இன்றைய பட்டயத்தின் பெயரில் செவிலியமும் மருத்துவச்சித் தொழிலும் அருகருகே நிற்கின்றன. ஆயினும் பேறுகால அறையைத் தன் பொறுப்பில் நடத்தும் அதிகாரம் மருத்துவச்சியின் கையிலிருந்து நழுவி வெகுநாளாகிறது. சான்று கலந்துவிட்டால் அதிகாரமும் கரைந்துவிடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

சீமையில் இதே விவகாரம் முப்பதாண்டுப் போராகவே நடந்தது. 1887-இல் பெட்போர்டு பென்விக் அம்மையார் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கத்தைக் கூட்டி, பயிற்சி பெற்றவர் பெயரெல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும் என்றார். அதை எதிர்த்தவர் யாரென்றால், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்! பரீட்சையால் அறிவை அளக்கலாம். பொறுமையையும் ஒழுக்கத்தையும் அளக்க முடியுமா என்பது அவர் வாதம். 1901-இலேயே நியூசிலாந்து பதிவுச் சட்டம் இயற்றிவிட்டது. பிரிட்டனில் அது 1919-இல், நைட்டிங்கேல் மறைந்து ஒன்பதாண்டு கழிந்தபின்தான், கைகூடிற்று. பதிவேட்டின் முதல் எண் பென்விக் அம்மையாருக்கே கிடைத்தது. வெற்றி அவர் பக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் நைட்டிங்கேல் அம்மையாரின் அச்சத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ் நள்ளிரவில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்காது.

இனி மலைக்கு வருவோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். தேயிலை பரவிற்று. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போடி வழியாக மலையேறி லயன் வீடுகளில் குடியமர்ந்தனர். குளிர் சுரம், மலைக் காய்ச்சல், கவாத்துக் கத்திக் காயம், அட்டைக்கடி, பிரசவம் ஆகிய அனைத்துக்கும் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றே கதி. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்.

அத்தகைய ஆஸ்பத்திரியில் பணிபுரியும் நர்ஸுக்கு இது என் துறை, அது என் துறையன்று என்று சொல்ல வாய்ப்பேது? காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி, மத்தியானம் எலும்பு முறிவு, இரவில் இரட்டைப் பிள்ளைப்பேறு. அவருடைய பெருமையே எல்லாம் தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. தனித்துறை வாதிகள் பலர் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளை மட்டும் கண்டு பேசுகிறார்கள். இந்த அகலமான அறிவுக்கும் ஒரு சான்று வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கடுமையான நோயாளியை மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகவும், குமுளியிலிருந்து கம்பம் வழியாகவும் இறக்கித் தேனிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2004-இல் வந்தது. மலைப்பாதையில் போகும் அந்த நேரத்தில் உயிர் தங்குவதும் போவதும், கூடச் செல்லும் செவிலி எதைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் நிலை எவ்வாறிருந்தது? 1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கிட்டது. அந்நிலையில் தனித்துறை பற்றிப் பேசுவது, கஞ்சிக்கில்லாதவனிடம் பாயசத்தைப் பற்றிப் பேசுவது போலாகும். ஆயினும் அந்த ஆண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவமனையில் செவிலியர் பள்ளி 1909 முதலே நடந்து வந்தது. 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் பிறந்தது. ஒரு மாகாணத்துச் சான்றை மற்றொரு மாகாணம் ஏற்பதற்கு வழி ஏற்பட்டது. வெளி மாநிலங்களில் பணியாற்றும் நம் பெண்களின் பிழைப்பு அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

பிறகு தேவை மீண்டும் தனித்துறைகளை அழைத்தது. பெங்களூரில் 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிலையத்தில், 1956-இல் மனநோய்ச் செவிலியருக்கு ஓராண்டுப் பயிற்சி ஏற்பட்டது. வேலூரில் இருதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை நடந்தேறியது. 1971-இல் சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றது. அறுவையாளரின் கை வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் இரவு பகலாகக் கட்டிலருகே நின்று, நாடியையும் மூச்சையும் சிறுநீரின் அளவையும் குறித்துக்கொண்டிருப்பவர் தவறினால் அத்தனையும் வீண். இன்றுள்ள ஓராண்டுச் சிறப்புப் பட்டயங்கள் அந்தத் தேவையின் வழி வந்தவை.

அப்படியானால் எல்லோரும் சேர்ந்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. ஓராண்டுப் படிப்பு ஓராண்டுச் சம்பளத்தை விழுங்கும், கட்டணம் வேறு. கேரளத்துத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வேலைநிறுத்தம் செய்ததற்கு முதற் காரணம் குறைந்த கூலி. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையால் அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகள் உள்ள மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பயிற்சிக் கடனை அடைத்துக்கொண்டு தம்பியின் பள்ளிச் சம்பளத்தையும் கட்டுகிற ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளிடம், இன்னும் ஓராண்டு படி என்று சொல்வது எளிது. செய்வது அவள் பாடு.

படித்து வந்தபின்னும் பல இடங்களில் அதே வார்டு, அதே சம்பளம். சிசு பராமரிப்பில் பயின்றவரை மறுமாதமே எலும்பு முறிவுப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியருக்கு 1945-இல் தகுதித் தேர்வு தொடங்கியது. தேறியவருக்கு அந்த வேலையும், அதற்குரிய பொறுப்பும், ஊதியமும் உரியவையாயின. ஆகையால் அவரிடம் அந்தச் சான்றின் பயனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கருத்து இதுதான்: பதவியும் ஊதியமும் கூட வருமானால் சான்று பெறுக, வேலை தரும் மருத்துவமனை, படிக்கும் காலத்துக்குச் சம்பளமும், திரும்பி வந்தபின் அதே துறையில் பணியும் எழுத்தில் உறுதி செய்யுமானால் தயங்காமல் பெறுக. அவ்வுறுதி இல்லாத இடத்தில், முதலில் இரண்டொரு ஆண்டு வேலை பார்த்துத் தன் கைக்கு இசைந்த துறை எது என்று அறிந்துகொள்வதே நலம்.

அட்டப்பாடியை நினைத்தால் இந்த வாதம் வேறொரு முகம் காட்டும். பாலக்காட்டு ஜில்லாவில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய அந்த மலைநாட்டில், 2013-இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் இரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, போதாத உணவு ஆகியவையே பெருங் காரணங்கள். எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோலொட்ட அணைத்துவைத்துக் காக்கும் முறை, 1978-இல் கொலம்பியா நாட்டுப் போகோடா நகரில் தோன்றியது. பொறிகள் போதாத மருத்துவமனையில் கண்ட உபாயம் அது. அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. சிசுவின் உடல் குளிர்வதையும் பால் குடிக்கும் வேகம் தளர்வதையும் பார்த்த மாத்திரத்தில் அறியும் கண். பயிற்சியால் வரும் கண் அது. கோட்டத்தறை ஆஸ்பத்திரியில் அத்தகைய செவிலியர் நால்வர் நிலைத்திருந்தால், நகரத்தில் நாற்பது பேர் இருப்பதைக் காட்டிலும் மேல் என்பேன்.

மத்திய அரசு 2018-இல் மருத்துவச்சிப் பணிக்கான புது நெறிமுறைகளை வெளியிட்டு, பதிவு பெற்ற செவிலியருக்குப் பதினெட்டு மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது. இயல்பான பிரசவங்களைத் தம் பொறுப்பிலேயே நடத்துவோரை உருவாக்குவது அதன் நோக்கம். 1854-இல் எழும்பூரில் தொடங்கிய தனித்துறை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து மீண்டும் தனித்துறையாகிறது! 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியச் செவிலியர், மருத்துவச்சிகள் ஆணையச் சட்டம் 2023-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பெயரிலேயே மருத்துவச்சிக்குத் தனியிடம் கிடைத்திருக்கிறது.

எந்தச் சட்டத்திலும் இடம் பெறாத தகுதி ஒன்று இவ்வெல்லைப் பகுதியில் உண்டு. கேரளப் பணியாளர் தேர்வாணையம், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் வேலைக்குத் தனி அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். கோப்பைப் படிக்க இரு மொழி வேண்டுமென்றால், கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் வலி எடுத்து வருகிற பெண்ணிடம், எத்தனை நேரமாக வலிக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, சிசு அசைகிறதா என்று அவள் மொழியில் கேட்பதற்கும் வேண்டுமல்லவா? பதினெட்டு மாதப் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அம்மலைகளிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்குச் சில இடங்களை ஒதுக்கினால், இரு மொழியும் தனித்துறையும் ஒரே ஆளிடம் வந்து சேரும். பயிற்சி முடிந்தபின் அவர்கள் திரும்பிச் செல்லும் ஊரும் அதுவாகவே இருக்கும்.