காப்பி செய்தது எங்கே போகிறது? - கிளிப்போர்டின் கதை



சேவுகம்பட்டி என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு தை மாசம் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாதான் ஞாபகம் வரும். அதைப் பற்றி அப்பத்தா சொன்னதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து டைப் செய்தேன். மூன்று பக்கம் வந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துக்கொண்டு, அந்த எடிட்டரை சேமிக்காமல் மூடிவிட்டு, வேறு கோப்பில் ஒட்டப் போனேன். ஒன்றுமே வரவில்லை! மறுநாள் அப்பத்தாவிடம் திரும்பக் கேட்டேன். சொன்னார்கள். ஆனால் முதல் நாள் சொன்ன மாதிரி இல்லை.

என்னுடையது பழைய கணினி, அதில் லேசான ஒரு லினக்ஸ். வைரஸாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, இதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது என்று.

வெட்டி ஒட்டும் முறையை இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லாரி டெஸ்லரும் டிம் மோட்டும். 1970களின் நடுவில் 'ஜிப்ஸி' என்ற எழுத்துச் செயலியில் இதைச் செய்தார்கள். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983ல் வந்த லிசா கணினியில் கிளிப்போர்டு இருந்தது. (டெஸ்லர் 2020ல் காலமானார்.)

யூனிக்ஸ் உலகம் வேறு வழியில் போனது. எம்.ஐ.டி.யில் 1984ல் தொடங்கிய எக்ஸ் விண்டோ, 1987ல் எக்ஸ்11 ஆனது. இதில் நீங்கள் காப்பி செய்தால் எதுவும் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை! "என்னிடம் சரக்கு இருக்கிறது, கேட்டால் தருகிறேன்" என்று அந்தச் செயலி ஒரு பலகையை மாட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஒட்டும்போதுதான் இரண்டாவது செயலி போய்க் கேட்டு வாங்குகிறது. கடைக்காரர் நடுவில் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால்? பலகையும் இல்லை, சரக்கும் இல்லை. என் மூன்று பக்கமும் போனது இப்படித்தான்.

கேட்கிற வடிவத்தில் மட்டும் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் நகல் எடுத்து நினைவகத்தை அடைக்க வேண்டாம் என்பது இதிலுள்ள லாபம். விண்டோஸில் அப்படி இல்லை. அங்கே தகவலை இயங்குதளமே வாங்கி வைத்துக்கொள்ளும். பழைய வேர்டை மூடும்போது "கிளிப்போர்டில் நிறைய இருக்கிறது, வைத்துக்கொள்ளவா?" என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா?

லினக்ஸில் இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் பின்னணியில் ஓடும் கிளிப்போர்டு சேவை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் அதுவும் தொடங்கி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது பலகை மாட்டினால் உடனே போய் சரக்கை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கேடிஈயின் கிளிப்பர் இப்படிப்பட்டது. ஃப்ரீடெஸ்க்டாப் குழு இதற்கென ஒரு பொது முறையே வகுத்தது. செயலி மூடும் முன் "இதை வைத்துக்கொள்" என்று சேவையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். எக்ஸுக்குப் பின் வந்த வேலாண்டிலும் பலகை மாட்டும் கதைதான். நல்லவேளையாக க்னோமும் கேடிஈயும் இந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. என்னுடையது போன்ற லேசான டெஸ்க்டாப்பில் நாம்தான் அதை நிறுவ வேண்டும்.

இனி நம் தமிழுக்கு வருவோம். விண்டோஸ் பத்திரமாக வைத்துக்கொண்டது சரி, எதை வைத்துக்கொண்டது? டிஸ்கி, டாப் என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்த காலம் அது. வெறும் உரையாக ஒட்டினால் எழுத்துரு கூட வராது, எண்கள் மட்டும்தான் வரும். தமிழில் காப்பி செய்தால் ஐரோப்பிய எழுத்துகளாக வந்து விழும். யூனிகோடில் காப்பி செய்து பழைய செயலியில் ஒட்டினாலோ வரிசையாகக் கேள்விக்குறிகள்! காரணம், விண்டோஸின் பழைய எட்டு பிட் குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு இடமே இல்லை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகளில் போட்டுத்தான் பலர் மீட்டெடுத்தார்கள். 2010ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

ஆக, காப்பி செய்ததை யாராவது விழித்திருந்து காக்க வேண்டும். அது என்ன எழுத்து என்றும் அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் நஷ்டம் நமக்குத்தான்.

எல்லாவற்றையும் காப்பதும் ஆபத்து. கடவுச்சொல்லைக்கூட அந்தச் சேவை பட்டியலில் சேர்த்துவிடும். 2018ல் விண்டோஸ் 10க்கு வந்த கிளிப்போர்டு வரலாற்றுக்கும் இது பொருந்தும். அவ்வப்போது பட்டியலை அழித்துவிடுங்கள்.

இப்போது என் கணினியில் ஒரு கிளிப்போர்டு சேவை ஓடுகிறது. அப்பத்தா இரண்டாவது தடவை சொன்ன கதையை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். முதல் தடவை சொன்னதுதான் இன்னும் நன்றாக இருந்தது...