தேயிலை மலையின் அன்னையர்

கேமரன் மலையின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1885ஆம் ஆண்டில் அம்மலைப் பகுதியை நிலஅளவை செய்த வில்லியம் கேமரனை முதற்கண் குறிப்பர். அடுத்து, 1929இல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரசலைக் குறிப்பர். குறிப்பது முறையே. ஆயினும், காடு தோட்டமான பின்னர், ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்துச் சரிவுகளில், பனியில் நனைந்த சேலையோடு கூடை சுமந்து நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். இன்று அவ்வேலையைக் கத்தரியும் பொறியும் செய்கின்றன. வேலையாட்களிற் பலர் வங்காளதேசத்தினின்றும் நேபாளத்தினின்றும் வந்தோர்.

அப்பெண்களை அரசாங்க ஏடுகள் கூலிக் கணக்காகவே அறிந்திருந்தன. 1928இல் மலாயாவின் முதன்மை வட்டாரங்களில் நியமிக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெரட்டுக்கு முன் உலை வைத்ததும், இரவில் பிள்ளைக்குக் கதை சொன்னதும், கோயிலுக்கு விளக்கு வைத்ததும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

தோட்டத்துச் சமயம் என்றால் திருவிழாவையும் காவடியையும், முன்னின்று நடத்திய கங்காணியையுமே நாம் நினைக்கிறோம். திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சிய நாள்களில் மாரியம்மன் யாரால் வாழ்ந்தாள்? என் இளமையில் அம்மலைத் தோட்டமொன்றில் கண்ட மூதாட்டி ஒருவரை இங்கு நினைவுகூர்கிறேன். கொழுந்து எடுத்து ஓய்ந்தபின், லயத்துப் பேரப்பிள்ளைகளைக் காப்பது அவர் பணியாயிற்று. வேம்பு செழிக்காத குளிர்நாடு அது. ஆடி மாதம் வந்தால், தாப்பாவுக்கு இறங்கும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்து வேப்பிலை வருவிப்பார். அந்தி வேளையில் பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி மாரியம்மன் தாலாட்டைச் சொல்லச் செய்வார். எழுத்தறியாதவர்; செவிவழி வந்த பாட்டு. சொற்கள் சில சிதைந்திருந்தன, தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க. ஆயினும், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததே, அப்பள்ளிக்குச் செல்லுமுன் அப்பிள்ளைகள் நாவில் தமிழ் ஏறியிருந்தது இத்தகைய பாட்டிமாரால்தான்.

சயாம் மரண இரயில் பாதைக்காக 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டபோதும், 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நீடித்தபோதும், பின்தங்கிய குடும்பங்களைத் தாங்கியவர்கள் பெண்களே. துப்பாக்கிக்கும் பசிக்கும் அஞ்சாத அத்தலைமுறையை அசைத்தது ஓர் அட்டை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. பிறப்புப் பத்திரமும் படிப்பும் இல்லாத பலர், உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். பல்லாயிரம் பேர் கப்பலேறினர்.

அம்மூதாட்டியின் மூத்த மகனிடம் இருந்தது சிவப்பு அட்டை. இளையவனிடம் நீல அட்டை. மூத்தவன் குடும்பத்தோடு 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினம் செல்லத் துணிந்தான். தாயையும் அழைத்தான். அவர் கையிலும் சிவப்பு அட்டையே. தம் மடியில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் மூவர் போகிறார்கள். அவர் எந்தப் பக்கம் நிற்பது?

"ஆத்தாவுக்கு விளக்கு வைக்க ஆள் வேணாமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். மகன் மேலும் வற்புறுத்தவில்லை. அவர்கள் லாரியேறிய அன்றும் அந்தியில் விளக்கு எரிந்தது. அன்று மட்டும் தாலாட்டை அவர் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் பேசாதிருந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார். மறுநாள் மாலை விளக்கேற்றியவர் இளைய மருமகள்.