ரூட் பாஸ்வேர்டும் நாற்பது பக்க நோட்டும்

1997-ல் நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். அந்த ஆண்டுதான் எங்களுக்கு யூனிக்ஸ் சர்வர் வந்தது. அதற்கு 'ரூட்' என்று ஒரு பெரிய பாஸ்வேர்ட் உண்டு. அதைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து, நகைக் கடன் பைகள் இருக்கும் பெட்டகத்திலேயே பூட்டி வைக்கச் சொன்னார்கள். நகைக்கு உள்ள மரியாதை அதற்கும். ஆனால் அந்தப் பாஸ்வேர்டைக் கொண்டு என்ன செய்வது என்று தெரிந்தவர் கிளையில் ஒருவரும் இல்லை.

யூனிக்ஸ் பிறந்தது 1969-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தங்களைப் போன்றவர்களுக்காக எழுதிக்கொண்டது. எதையாவது அழி என்றால் "நிஜமாகவா?" என்று கேட்காமல் அழித்துவிடும். அப்படிப்பட்டது காவிரிப் படுகைக்கு வந்த கதை கொஞ்சம் நீளம். 1983-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலை போய்விடும் என்ற பயம் அப்போது நிஜமான பயம். அதனால் எத்தனை இயந்திரம், எந்தக் கிளைக்கு என்பதெல்லாம் பேசி முடிவானது. பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னரான ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் ஓர் அறிக்கையும் 1989-ல் இன்னொன்றும் கொடுத்தது. முதலில் வந்தவை ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் பதிவு இயந்திரங்கள். பிறகு 'டோட்டல் பிராஞ்ச் கம்ப்யூட்டரைசேஷன்'. ஒரே கம்பெனியின் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்பதால் வங்கிகள் யூனிக்ஸ் பக்கம் போயின. அதன்பின் மத்திய கண்காணிப்பு ஆணையர் விட்டல், 1-1-2001-க்குள் வணிகத்தில் 70 சதவீதமாவது கணினியில் இருக்க வேண்டும் என்று சொன்னதும் கிளைகள் ஓட ஆரம்பித்தன.

இயந்திரங்கள் வந்த வேகத்தில் ஆட்கள் வரவில்லை. 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் என் பாடப் புத்தகம். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் தமிழில் விளக்கம். சில இடங்களில் விளக்கத்துக்குப் பதில் சிவப்பு மையில் "தொடாதே". நிறுத்துவதற்கு முன் மூன்று முறை 'சிங்க்' அடி என்று இருந்தது. ஏன் மூன்று என்று கேட்க ஆள் இல்லை; சந்தியாவந்தனம் மாதிரி அடிப்பேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடித்து முடிப்பதற்குள் வட்டில் எழுத வேண்டியது எழுதி முடிந்துவிடும் என்பதற்காகப் பழைய ஆட்கள் வைத்துக்கொண்ட பழக்கம் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1999-ல் ஒய்2கே வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யூனிக்ஸுக்கு 2000-ஆம் ஆண்டால் பெரிய கண்டம் எதுவும் இல்லை. அது 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணிக்கை 32 பிட் இயந்திரங்களில் நிரம்பி வழிவது 2038 ஜனவரி 19-ல்தான். சிக்கல் மேலே ஓடிய வங்கி மென்பொருளில் இருந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்தார்கள். டிசம்பர் 99-ல் அடகு வைத்த சங்கிலியை ஜனவரி 00-ல் மீட்க வந்தால், வட்டி எந்தத் திசையில் ஓடும்?

அதற்கான 'பேட்ச்' தீபாவளி கழிந்த பின் ஃப்ளாப்பிகளில் வந்தது. துளையிட்ட காகித நாடாவில் நிரல் இருந்த காலத்தில் தப்பான இடத்தின் மேல் துண்டுத்தாள் ஒட்டித் திருத்துவார்கள்; அதிலிருந்து வந்த பெயர். நம் ஊரில் வேட்டிக்குப் போடும் ஒட்டுதான்.

சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஆரம்பித்தேன். வெளியே அடைமழை. மூன்றாவது ஃப்ளாப்பியில் 'வட்டில் இடமில்லை' என்று நின்றுவிட்டது. பாதி பழசு, பாதி புதுசு. தேடினால், இரண்டு வருஷமாக டே எண்ட் அறிக்கைகள் அச்சான பிறகும் அழிக்கப்படாமல் ஸ்பூல் டைரக்டரியில் குவிந்திருந்தன. நோட்டில் அந்த இடத்துக்கும் சிவப்பு மை. அழிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. யு.பி.எஸ். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

மின்சாரம் வந்து சர்வரைப் போட்டால், அது வட்டைச் சோதித்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டது. மீட்கட்டுமா? இணைக்கட்டுமா? நீக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் 'ஒய்' அல்லது 'என்'. எது எந்த விவசாயியின் கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? கை நடுங்கியபடி எல்லாவற்றுக்கும் 'ஒய்' அடித்தேன்.

எங்கள் தலைமை எழுத்தர் குடையோடு வந்தார். தீவிர சங்கக்காரர், கம்ப்யூட்டரை எதிர்த்து வாயிற்கூட்டத்தில் பேசியவர்.

"என்ன சார், எழுந்துக்கலையா உங்க மெஷின்?"

"எழுந்துடுச்சு சார். கணக்கு சரியா இருக்கான்னுதான் தெரியலை."

அவர் பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து வெள்ளிக்கிழமை பேலன்ஸ் பிரிண்ட்டை எடுத்தார். யார் சிரித்தாலும் தினமும் அச்செடுத்துத் தைத்து வைப்பது அவர் வழக்கம். ஞாயிறு காலையில் பழைய அறிக்கைகளை டேப்பில் ஏற்றி, சரிபார்த்து, பிறகு அழித்தேன். ஒட்டை முதலிலிருந்து போட்டேன். அப்புறம் அவர் படிக்க, நான் திரையில் பார்க்க, சேமிப்பு, நகைக் கடன், பயிர்க் கடன் எல்லாம் ஒவ்வொன்றாக. இருட்டும் நேரத்தில் எல்லாம் ஒத்துப்போயின. திங்கள் காலை பத்து மணிக்கு யூரியாவுக்கும் களையெடுப்புக்கும் நகையை வைக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

டிசம்பர் 31 இரவு மூன்று பேர் கிளையில் விழித்திருந்தோம். அன்றைக்கு ஊரெல்லாம் காந்தஹார் விமானப் பயணிகள் விடுதலையானதைப் பற்றித்தான் பேச்சு. பன்னிரண்டு அடித்தது, ஒன்றும் ஆகவில்லை, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆனது பிப்ரவரி 29-ல். செவ்வாய்க்கிழமை காலை டே பிகின் போட்டால் 'தவறான தேதி' என்றது. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல, ஆனால் நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டு. ஒட்டுப் போட்டவருக்கு முதல் பாதி மட்டும் தெரிந்திருக்கிறது. எதுவுமே தெரியாமல் நாலால் வகுத்திருந்தால்கூடச் சரியாக வந்திருக்கும்!

அன்றைக்கு முழுக்கத் தலைமை எழுத்தர் பழைய லெட்ஜரை விரித்து உட்கார்ந்தார். வந்த சீட்டையெல்லாம் கையால் எழுதினார். புதிய ஃப்ளாப்பி வந்ததும், அவர் கையெழுத்தைப் பார்த்து நான்தான் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினேன்.